நன்னடத்தைக் கப்பு

1961 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கால்வாய்ப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துகொண்டிருந்தது. மைதானத்தில் பரிசு மேசையின் விரிப்பு பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் நான்கு அரைச் செங்கற்களை வைத்திருந்தார்கள். நேரத்தை மர மில்லின் கடிகாரத்தில் பார்த்தேன். அது இரண்டு நிமிடம் வேகமாக ஓடும் என்று அப்பா சொல்வார். அப்படியானால் நான்கு எட்டு. உறுத்த வேண்டியது வேறு என்று தெரிந்தும், இத்தனை வருடமாக அந்த இரண்டு நிமிடமும் சேர்ந்தே உறுத்துகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. ரங்கூனில் பசுந்தாங் பகுதியில், நாற்பத்தாறு படி ஏறிப் போகும் மூன்றாம் மாடி வீட்டில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான் என்று நான்கு பேர் இருந்தோம். அப்பா மர மில்லின் ஆபீசில் எழுத்தர். சித்தப்பா அதே மில்லில் தினக்கூலி, பலகை அடுக்குவார். ஆனால் ஊரில் அவரைத் தெரிந்தது ஹாக்கியால்தான். அந்த நாளில் மில் லீக் என்று ஒன்று இருந்தது. மர மில் இரண்டு, அரிசி மில் இரண்டு, சோப்புத் தொழிற்சாலை, கப்பல் பட்டறை என ஆறு அணிகள். ஆட்டத்துக்கு ஐந்து கியாட் கூலி. கூலிக்கு ஆடுகிறவர்கள் என்பதால் பெரிய கிளப்புக்காரர்கள் எங்களை மதிப்பதில்லை. எங்களுக்கு அதுதான் உலகம்.

வருடக் கடைசியில் ஐந்து கப்புகள் கொடுப்பார்கள். முதலிடம், இரண்டாமிடம், அதிக கோல், நல்ல கோல்கீப்பர். ஐந்தாவது நன்னடத்தைக் கப்பு. வருடம் முழுக்க யாரையும் இடிக்காமல், நடுவரிடம் வாய் கொடுக்காமல் ஆடியவனுக்கு அது. மற்ற நான்கும் தகரம் மாதிரி இருக்கும். இது மட்டும் வெள்ளி. எங்கள் மில் முதலாளி காலமான தன் தகப்பனார் பெயரில் கொடுத்தது. வென்றவன் வீட்டில் ஒரு வருடம் இருக்கும். அடுத்த விழாவன்று துலக்கிக் கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து வென்றால் அவனுக்கே சொந்தம்.

சித்தப்பா இரண்டு வருடம் தொடர்ந்து வென்றிருந்தார். அவருடைய ஆட்டங்களை நான் நோட்டில் எண்ணி வந்தேன். மூன்று வருடத்தில் முப்பது ஆட்டம். நடுவர் அவரைக் காட்டி ஊதியது இரண்டே முறை. இரண்டும் காலில் தானாக வந்து பட்ட பந்து. கூட ஆடிய பர்மியர்கள் அவரை "கோ சாமி", அதாவது சாமியார் அண்ணன், என்று கேலி செய்வார்கள். அம்மாவின் கேலி வேறு மாதிரி. முழங்கால் வீங்கி அவர் படியேறி வரும்போது, "தம்பி, இவங்க கப்பு குடுக்கிறது நடத்தைக்கா, அடி வாங்கினதுக்கா?" என்பார். சித்தப்பா சிரித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடுவார்.

அந்த மூன்றாவது வருடத்தில் கப்போடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மூன்றாம் முறையும் வாங்கிவிட்டால் மில்லில் நிரந்தர வேலை என்று முதலாளி எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு இருபத்தாறு வயது. நிரந்தர வேலை இல்லாதவனுக்குப் பெண் கேட்டு எங்கும் போக முடியாது.

கப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அதைக் கடையில் வாங்கிவரப் போனது என் அப்பாதான். முதலாளி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மறுநாள் ஆபீசுக்கு எடுத்துப் போகும்வரை ஓர் இரவு எங்கள் வீட்டில் வைத்திருந்தார். "வெள்ளியா?" என்று அம்மா கேட்டார். "முதலாளி வெள்ளின்னு சொன்னா வெள்ளிதான்" என்றார் அப்பா. நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே பதினோரு பேரிடம் சொன்னேன்.

சித்தப்பா அதை மென்மையான ஃபிளானல் துணியால் மட்டுமே துடைப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. ஆயுத பூஜையன்று மட்டும் அம்மா கேட்டு வாங்கி, ஹாக்கி மட்டைகளோடு வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவார். இரண்டு பூஜைப் புகையும் சமையல் புகையும் சேர்ந்து கப்பு கறுத்துப்போயிருந்தது. விழாவன்று காலை சித்தப்பா விழா ஏற்பாட்டு வேலைக்காக மைதானத்துக்குப் போனார். மூன்று மணிக்கு வந்து துடைத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். நான் கப்பைப் பார்த்தேன். கறுப்பாக, ஏதோ துக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. அவருக்கு வேலை மிச்சம் செய்வோம் என்று நினைத்தேன். நினைத்தது நல்லதுதான். அதை இப்போது சொல்வதால் எதுவும் குறையப்போவதில்லை.

அம்மா வியாழக்கிழமைகளில் குத்துவிளக்கைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறேன். கறுத்த எதையும் அப்படித்தான் தேய்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த ஒரே சாத்திரம். ஒரு பக்கத்துக்கு முந்நூறு தேய்ப்பு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். முதல் நூறில் கறுப்புப் போய்ப் பால்போல வெளுத்தது. எனக்கு அழுகை வரும் அளவுக்குச் சந்தோஷம். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு முந்நூறு. இருநூற்றுச் சொச்சத்தில் வயிற்றுப் பகுதியில் மஞ்சளாக ஒரு தேமல் தெரிந்தது. குங்குமத்தோடு ஒட்டிய சந்தனம் என்று நினைத்து அழுத்தித் தேய்த்தேன். தேமல் பெரிதானது. மறுபக்கமும் அப்படியே. அறுநூறும் பிறகு எண்ணாமல் தேய்த்ததும் முடிந்தபோது கையில் இருந்தது அம்மாவின் குத்துவிளக்குக்குத் தம்பி மாதிரி ஒரு பித்தளைக் கப்பு. என் விரல் நுனிகள் எட்டு வெடித்திருந்தன. கட்டைவிரல்கள் தப்பித்தன.

நான் வெள்ளியைக் கெடுத்துவிட்டேன் என்று நம்பினேன். பால் திரிவதுபோல வெள்ளியும் திரிந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். கப்பை ஃபிளானலில் சுற்றிப் பையில் போட்டு வாயைக் கட்டினேன். சித்தப்பா மூன்றரைக்கு ஓடி வந்தார்.

"துடைக்க நேரமில்லையேடா" என்றார்.

"நான் துடைச்சிட்டேன் சித்தப்பா."

அவர் என் தலையில் கைவைத்து ஆட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

மைதானத்தில் முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். நான் இருநூற்றுப் பதினெட்டு வரை எண்ணினேன், பிறகு எண்ண முடியவில்லை. நான்கு கப்புகள் முடிந்தன. லீக் செயலாளர், அமைதியான பர்மியப் பெரியவர், சித்தப்பாவின் பெயரை வாசித்தார். மூன்றாம் வருடம், இனி கப்பு அவருக்கே சொந்தம் என்றும் சொன்னார். கைதட்டல். கப்பை வெளியே எடுத்து முதலாளியிடம் தரும்படியும், அவர் திரும்ப வழங்குவார் என்றும் சொன்னார்கள். சித்தப்பா முடிச்சை அவிழ்த்துத் துணியை விலக்கினார்.

பின்வரிசையில் சோப்புத் தொழிற்சாலைக்காரன் ஒருவன்தான் ஆரம்பித்தான். "திரியப் போட்டா நல்லா எரியும்போல." சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

முதலாளி சிரிக்கவில்லை. "என்ன தம்பி இது?"

"கப்புங்க முதலாளி."

"எங்கப்பா பேர்ல நான் குடுத்தது வெள்ளி. அது எங்க?"

சித்தப்பா கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கைப்பிடி உடம்போடு சேரும் இடத்தில் அவர் கண் நின்றது. குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். முதலில் அப்பாவை, அப்புறம் என்னை. அவருடைய கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து அந்த இடுக்கின்மேல் உட்கார்ந்தது.

"தெரியலைங்க" என்றார்.

"தெரியலையா? ரெண்டு வருசம் உன் வீட்லதானே இருந்துச்சு? கடையில மாத்திட்டு வந்து நிக்கிறியே, உனக்கு நன்னடத்தைக் கப்பு."

செயலாளர் பக்கத்தில் வந்து பர்மிய மொழியில் மெல்ல ஏதோ கேட்டார். சித்தப்பா மறுத்துத் தலையை ஆட்டினார். கட்டைவிரல் அசையவில்லை.

நான் அப்பாவுக்கு முன்னால் நின்றிருந்தேன். "அப்பா, நான்தான் புளி போட்டு..." என்று ஆரம்பித்தேன். அப்பாவின் இரண்டு கைகளும் என் தோள்களில் இறங்கின. அவர் குனிந்து என் காதருகே சொன்னார்: "பேசாதே. கையைப் பைக்குள்ள விடு." நான் வெடித்த விரல்களைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். அப்பா என்னை அடியிலிருந்து காப்பாற்றுகிறார் என்று நினைத்தேன். நன்றியாகக்கூட இருந்தது.

"உன் பித்தளைய நீயே வச்சுக்க" என்றார் முதலாளி. "நாளையிலேர்ந்து மில்லுப் பக்கம் வராதே." கோ சாமி என்று கூப்பிட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். விதிப்படி கப்பு அவருக்கே சொந்தமானது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா மட்டும் முதலாளியைத் திட்டிக்கொண்டிருந்தார். அப்பா, "போதும்" என்றார். சித்தப்பா தன் முழங்காலுக்கான எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் கையைப் பையிலிருந்து வெளியே இழுத்து ஒவ்வொரு விரலாகத் தடவிவிட்டார்.

"எரியுதா?"

"இல்லை" என்றேன். அதுவும் பொய்.

எட்டு நாள் கழித்து அவர் கியாக்தானுக்குப் போய்விட்டார். அங்கே படகுத்துறைப் பக்கம் ஒரு தேநீர்க்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு சொந்தமாகக் கடை வைத்து, நாற்பதுக்கு மேல் கல்யாணம் செய்து, ஒரு மகளைப் பெற்றார். மட்டையை மறுபடி தொட்டதாகக் கேள்விப்படவில்லை. அப்பா காப்பாற்றிக்கொண்ட எழுத்தர் வேலை அதன்பிறகு இரண்டு வருடம் மூன்று மாதம் இருந்தது. பிறகு மில்லை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. முதலாளி கப்பலேறினார். அப்பா கடைசிவரை அந்த மாலையைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. சித்தப்பாவைப் பிற்காலத்தில் பதினான்கு முறை பார்த்திருக்கிறேன். பதினான்கு முறையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. சென்ற மாதம் அவர் மகள் கடையை விற்பதாகச் சொல்லிக் கூப்பிட்டனுப்பினாள். கப்பு கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்தது. கரண்டிகள் போட்டு வைத்திருந்தாள், இருபத்திரண்டு. அவற்றை மேசையில் கொட்டிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே. அப்பா இதைத் தேய்க்கவே விட மாட்டாரு. துணியால மட்டும் துடைப்பாரு. பித்தளைக்கு எதுக்குப்பா இவ்வளவு மரியாதைன்னு கேப்பேன்."

"என்ன சொல்வாரு?"

"சிரிப்பாரு."

பஸ்ஸில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இடது கைப்பிடியின் இடுக்கைப் பார்த்தேன். புளி எட்டாத இடத்தில் நெல்மணி அளவுக்கு வெள்ளிப் பூச்சு இன்னும் ஒட்டியிருந்தது. மேலே வெள்ளை, அடியில் பித்தளை. அந்த ஒரு நெல்மணியைத் தூக்கிக் காட்டியிருந்தால் வெட்கப்பட வேண்டியவர் முதலாளி. சித்தப்பா நிரபராதி; வேலை போயிருக்கும், ஆனால் அப்பாவுக்கு. கப்பை வாங்கி வந்தவர் அவர்தானே, முதலாளி பழியை அவர்மேல் போட்டிருப்பார். என் தோளில் இறங்கிய கைகள் எதைக் காப்பாற்றின என்பதும், மேசையருகே நின்ற சித்தப்பா எங்கள் இருவரையும் பார்த்த பிறகே விரலை நகர்த்தினார் என்பதும் பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை. எழுபத்து நான்கில் தெரிகிறது, சொல்ல ஆளில்லாதபோது.

பசுந்தாங்கில் முலாம் பூசும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரப் பையன் திருப்பிப் பார்த்துவிட்டு, "பழைய பூச்சு கொஞ்சம் இருக்கு, சயா. அதைச் சுரண்டிட்டுத்தான் புதுசு ஏத்தணும்" என்றான். சயா என்றால் ஐயா. சுரண்ட வேண்டாம் என்றேன். எழுத்து மட்டும் வெட்டச் சொன்னேன். முதல் இரண்டு வருடத்துக்கும் சித்தப்பாவின் பெயர் வெட்டிய இரண்டு வரி ஏற்கெனவே இருந்தது. அதன் கீழே மூன்றாவது வரி: பெயர் ஒன்பது எழுத்து, வருடம் நான்கு. எழுத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு. வயசானவர் என்று ஓர் எழுத்தின் கூலியைக் குறைக்கப் பார்த்தான், நான் ஒப்பவில்லை. பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. கியாக்தானுக்குப் போகவர பஸ் மூவாயிரத்து அறுநூறு. தேநீருக்கு அவள் காசு வாங்கவில்லை. ஆக மொத்தம் இருபத்து மூன்றாயிரத்து நூறு கியாட்.