ஒரு கம்பளி, இரண்டு தலை

அமராவதியின் வீட்டில் சளி, தடிமன் என்று ஒருவருக்கு வந்தால் அது குடும்பத்துக்கே வந்த மாதிரி. வராதவரும் வந்தவரோடு சேர்ந்து ஆவி பிடித்தாக வேண்டும். வன்னியில், துணுக்காய்ப் பக்கத்தில் அதை வேது பிடிப்பது என்பார்கள். ஊர்ச் சனம் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, ஒருவர் முடித்து எழும்ப மற்றவர் குந்துவார். அமராவதி வீட்டில் அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. பானையைச் சுற்றி எல்லாரும் உட்கார, மேலே ஒரே கம்பளி விழும். முட்டி மோதி, ஒருவர் மூச்சில் ஒருவர் வெந்து, தொப்பலாக நனைந்து வெளியே வருவார்கள்.

அது மலைநாட்டில் பழகிய பழக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவுக்குள் அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். பனி வாசலைத் தாண்டி உள்ளே வந்து குடியிருக்கும் காலத்தில் அம்மா பானையில் யூக்கலிப்டஸ் இலையைப் போட்டு மூடி வைப்பாள். அப்பா கம்பளியைத் தூக்கிப் பிடிக்க, பிள்ளைகள் உள்ளே பாய்வார்கள். இருட்டுக்குள் யாரோ யாரையோ கிள்ளுவார்கள், யாரோ அழுவார்கள், அப்பா பொதுவாக எல்லாருக்கும் ஒரு அதட்டல் போடுவார். அந்தச் சுகத்தை எந்தக் குளிசையும் தனக்குத் தந்ததில்லை என்று அமராவதி இன்றைக்கும் அடித்துச் சொல்வாள்.

எழுபத்தேழுக் கலவரத்தில் அந்தக் காம்பரா போயிற்று. உடுத்த துணியோடு லொறி ஏறிய குடும்பம், கம்பளியை மட்டும் எப்படியோ வன்னி வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. கொதிக்கிற வெயிலில் அதைக் கொடியில் காயப் போட்டபோது பக்கத்துக் காணிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார்கள். மார்கழி வந்தது. அதன் பிறகு யாரும் சிரித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

செல்வராசாவும் அப்படி லொறியில் வந்து இறங்கிய குடும்பத்துப் பிள்ளைதான். காடு வெட்டிய இடத்தில் பழக்கம், பிறகு கல்யாணம். கட்டிய முதல் மாரி மழையிலேயே அவளுக்குத் தடிமன் பிடித்துவிட்டது. புதுப் பெண்டாட்டி; யாரைக் கூப்பிடுவது என்று வெட்கப்பட்டுத் தனியாகப் பானை முன் குந்தியிருந்தாள். கம்பளியின் ஓரம் தூக்கியது, ஒரு தலை உள்ளே வந்தது.

“தனியா எதுக்கு புள்ள கஷ்டப்படுற?”

செல்வராசாவுக்கு ஆசை வார்த்தை பேச வராது. கம்பளிக்குள் தலையை நீட்டுவது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த சரசம். அதை அவர் வருசா வருசம் தவறாமல் செய்தார். பிள்ளைகள் பிறந்து அவர்களும் உள்ளே நுழைந்தார்கள், வளர்ந்து வெளியேறினார்கள். பழைய கம்பளி யுத்த இடப்பெயர்வில் எந்த வீதியில் விழுந்ததோ தெரியாது. முகாமில் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி அதன் இடத்துக்கு வந்தது.

அந்த முகாமில்தான் செல்வராசாவுக்கு இழுப்பு வந்தது. கூடாரத்துக்குள் மழைத் தண்ணீர் நிற்க, மூச்சு எடுக்க முடியாமல் மனிதன் நீலம் பாரித்துப் போனார். அமராவதி அவரைத் தன் நெஞ்சில் சாய்த்து வைத்துக்கொண்டு விடிய விடிய இருந்தாள். பிழைத்தார். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு மாரியும் அவளுக்குப் பயத்தோடுதான் வரும்.

இரண்டாயிரத்து இருபத்தொன்றாம் ஆண்டு மாரியும் அப்படித்தான் வந்தது, கூடவே கொரோனாவும் நின்றது. இருவரும் ஊசி போட்டிருந்தார்கள். செல்வராசா கடைக்குப் போனால் முகக்கவசத்தைக் கழற்ற மாட்டார், வீட்டுக்கு வந்தால் கை கழுவாமல் கதிரையில் உட்கார மாட்டார். அப்படிப்பட்ட மனிதர், அமராவதி இரண்டு தும்மல் தும்மியதும் நொச்சியும் வேப்பிலையும் முறித்துவந்து பானையை வைத்துவிட்டார். கம்பளி விழுந்தது, இரண்டு தலையும் உள்ளே போயின. நோய் வருத்தம் வெளியில் இருந்துதான் வரும், சொந்தக் கம்பளிக்குள் அதற்கு என்ன வேலை என்பது இருவருடைய எண்ணமும்.

மறுநாள் கொத்தமல்லி அவித்துக் குடித்தபோது அமராவதிக்கு மணமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. பரிசோதித்ததில் அவளுக்குக் கொரோனா. அவருக்கு இல்லை. குடும்பநல மாது ராஜினி படலைக்கு வெளியே நின்று, முதல் நாள் கம்பளிக் கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள்.

“அம்மா, அவர் தப்பினது உங்கட அதிர்ஷ்டம். ஐயாவை இனிக் கிட்ட விடாதேங்கோ. இழுப்புக்காரர், வந்தால் தாங்கமாட்டார்.”

ஐயா கேட்டால்தானே! ஒரு நாள் ஒட்டியிருந்தும் ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன ஆகப்போகிறது என்று அன்று பின்னேரமே பானையோடு அறை வாசலில் வந்து நின்றார். அவள் கெஞ்சினாள், ஏசினாள், பிள்ளைகளை வைத்துச் சத்தியம் வாங்கப் பார்த்தாள். மனிதர் கம்பளியை உதறி விரிக்கத் தொடங்கிவிட்டார். அமராவதிக்குக் கூடாரமும் அந்த நீல உதடும் கண்ணுக்குள் வந்து நின்றன. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“கல்யாணம் கட்டின நாள்ல இருந்து உங்க குறட்டையில நான் ஒழுங்கா தூங்கினதே இல்ல. இந்த வருத்தத்த சாட்டியாவது என்னய நிம்மதியா படுக்க விடுங்க.”

அவள் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அதுதான். முகாமுக்குப் பிறகு அந்தக் குறட்டை கேட்டால்தான் அவளுக்குக் கண் மூடும். அது ஓடும்வரை அவர் மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம்.

செல்வராசா கம்பளியை மடித்துக் கீழே வைத்தார். பானையை வாசலிலேயே வைத்துவிட்டு, கட்டாருக்கு வேலைக்குப் போன மகனின் அறைக்குப் போய்விட்டார். அதன் பிறகு வேளாவேளைக்குக் கஞ்சியும் கொத்தமல்லித் தண்ணீரும் வாசல் கதிரையில் இருந்தன. கதவில் ஒரு தட்டு, பிறகு காலடி தூரப் போகும். அமராவதி தனியாகக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு ஆவி பிடித்தாள். வேர்வை எது, கண்ணீர் எது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவள் தேறினாள். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வென்றுவிட்ட சந்தோசத்தோடு முழுகிவிட்டு மகனின் அறைக்குப் போனால், மனிதர் தன் சேட்டு, சாரம், ரேடியோ எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் அடுக்கிவிட்டிருந்தார். சொன்னது பொய், உங்களைத் துரத்தத்தான் சொன்னேன் என்று அவள் தலையில் அடித்துச் சொன்னாள். அவர் அவளைப் பாவமாகப் பார்த்தார்.

“பரவால்ல புள்ள. இத்தன வருசமா சொல்லாமலே தாங்கிக்கிட்டு இருந்திருக்க.”

உண்மையை ஒரு மனிதர் இப்படி நம்ப மறுத்தால் என்னதான் செய்வது? அழுது பிடித்துத்தான் பழைய அறைக்குக் கூட்டிவந்தாள். வந்தும் பலன் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அவள் தூங்கும்வரை தூங்காமல் கிடந்தார். அவளோ குறட்டைக்குக் காத்துக் கிடந்தாள். நாலைந்து நாள் இரண்டு பேரும் சிவந்த கண்ணோடு வயலுக்குப் போனார்கள். பிறகு அமராவதி ஒரு வழி கண்டுபிடித்தாள். படுத்ததும் கண்ணை மூடி, மூச்சை இழுத்து விட்டு, தூங்கிவிட்டது போலக் கிடந்தாள். அவர் மெல்லத் திரும்பிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டு தானும் கண்ணயர்ந்தார். குறட்டை எழுந்த பிறகு அவள் தூங்கினாள்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் ராஜினி சுகம் விசாரிக்க வந்தாள். இருமல் விட்டதா, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவள் தூக்கத்தைப் பற்றியும் கேட்டாள். அமராவதி வாயைத் திறக்குமுன் செல்வராசா முந்திக்கொண்டார்.

“இப்பதான் மிஸ் அவ நல்லா தூங்குறா. படுத்த உடனயே தூங்கிடுறா. நான் பாத்துட்டுத்தான் தூங்குறேன்.”

அமராவதி ஓம் என்று தலையை ஆட்டினாள்.