ரெண்டாவது தாள்

இன்னிக்கு பெங்களூரு பீன்யாவுல ஆபீஸ் முடிஞ்சு பஸ் ஏறினேன். பக்கத்துல உட்கார்ந்திருந்தவர் ஒரு லெட்டரை நீட்டினார். "சார், இங்கிலீஷ்ல இருக்கு. கொஞ்சம் படிச்சு சொல்றீங்களா?"

நீலசந்திராவுல ஸ்கூல் வேன் ஓட்டுறவராம். ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில லாரி ஓட்டக் கூப்பிட்டிருக்காங்க. லெட்டர் இப்பத்தான் கைக்கு வந்திருக்கு.

முதல் தாளைப் படிச்சேன். சென்னை, கோயம்புத்தூர், ஹூப்ளி லைன். வாரத்துல ஒரு நாள்தான் வீடு.

"போலாமா சார்? பொண்ணு ஆறாவது, இங்கிலீஷ் மீடியம். அவங்கம்மா விடிகாலை ஷிஃப்ட். நான்தான் அவளைக் கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்பணும்."

நான் லாரியில ஏறினதுகூட கிடையாது. ஆனாலும் பெரிய மனுஷன் மாதிரி, "அப்ப வேணாங்க, விட்டுடுங்க"ன்னேன்.

மனுஷன் உடனே கம்பெனிக்குப் போன் போட்டு, "பேடா சார், ஆகல்ல"ன்னு கன்னடத்துல வேணாம்னு சொல்லி முடிச்சுட்டார். கொத்தமல்லி வாங்குற விஷயத்துலகூட என் வீட்டுல யாரும் என் பேச்சை இப்படிக் கேட்டதில்லை.

அப்புறம் கேட்டார். "அடுத்த தாள்ல என்ன சார்?"

திருப்பினேன். சின்னப் பசங்க இருக்கிறவங்க கேட்டா ஓசூர் லைன் குடுப்பாங்களாம். காலையில பத்து மணிக்கு வண்டி எடுத்தா, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

தப்பா சொல்லிட்டேன்னு ஒத்துக்க வாய் வரல. "ஒண்ணுமில்லைங்க, கையெழுத்து போடுற இடம்"னு மடிச்சுக் குடுத்துட்டேன்.

"நல்லவேளை நீங்க இருந்தீங்க சார்"னு சொல்லிட்டு இறங்கினார்.

இந்நேரம் அந்தப் பொண்ணு ரெண்டு தாளையும் படிச்சுக் காட்டியிருக்கும்.

நாளையிலிருந்து நான் மெட்ரோ. துணைக்கு யாராவது வர்றீங்களா?