கோட்டைக் கதவு உடைந்த நேரம்

லிஃப்ட் பழுது பார்ப்பது அவனுக்குப் பிழைப்பு. ராஜ்ஜியங்களைப் பழுதாக்குவது பொழுதுபோக்கு. ஞாயிறு மதியம் அவன் வீட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் கதை விளையாட்டு ஆட உட்காருவார்கள். இவன் கதை சொல்வான். மருந்துக்கடைக்காரர் அதில் மந்திரவாதி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் வாள்வீரர். வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை முடிவு செய்யும். ஆறு வருஷமாக ஒரே கதை. அதற்குள் வாத்தியார் ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டார். ராட்சசனைத்தான் இன்னும் தீர்த்துக்கட்ட முடியவில்லை.

நடுவில் பெண் குழந்தை பிறந்தது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து மாதத்தில் அது அம்மா ஊட்டினால் முகத்தைத் திருப்பும், இவன் ராட்சசன் குரலில் "யாரது?" என்று உறுமினால் ஸ்பூனுக்கு வாயைத் திறக்கும். ஆறு வருஷமாக அந்தக் குரலுக்குக் கிடைக்காத மரியாதை அது. லிஃப்ட்டுக்குள் தலைகீழாகத் தொங்கும்போதுகூட அதை நினைத்துச் சிரித்துக்கொள்வான்.

ஆட்டம் மட்டும் பத்து மாதமாக நின்றுபோயிருந்தது. மனைவிக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு டியூட்டி. அவளே இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள்.

"நான் வர்ற வரைக்கும் ஆடிக்குங்க. அது தூங்கும். எழுந்தா நீங்களும் எழுந்திரிக்கணும். அவ்வளவுதான்."

"நான் பார்த்துக்க மாட்டேனா?" என்றான்.

இப்படிக் கேட்ட அப்பாக்களை வரிசையில் நிற்கவைத்தால் வரிசையின் கடைசி கண்ணுக்குத் தெரியாது.

குழந்தை உள்ளறையில் தூங்கியதால் போர் கிசுகிசுப்பில் நடந்தது. பகடை சத்தம் போடாமலிருக்க மேசைமேல் துண்டு விரித்திருந்தார்கள். "ராட்சசன் கோட்டைக் கதவை உடைக்கிறான்" என்றான், யாருக்கோ கள்ளக்காதல் என்று சொல்கிற குரலில்.

"கொஞ்சம் பலமா உடைக்கச் சொல்லுப்பா, காதுல விழல" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அப்புறம் எப்போதோ வாத்தியார் துள்ளினார். "யோவ், உன் பொண்ணு என் சாக்ஸைச் சப்பிக்கிட்டிருக்கா!"

மேசைக்கடியில் குழந்தை. எப்போது எழுந்தது, எப்போது தவழ்ந்து வந்தது, மூன்று மாவீரர்களில் ஒருவருக்கும் தெரியாது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கதையைத் தொடர்ந்தான்.

மனைவி வரும்போது நண்பர்கள் போய்விட்டிருந்தார்கள். அவன் பகடைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். உலோகத்தில் செய்தவை, நாலு முகத்திலிருந்து இருபது முகம்வரை மொத்தம் ஏழு. இருந்தது ஆறு. ஆகச் சிறியது, கூர்முனைகளோடு பிரமிடு மாதிரி இருக்குமே, அதைக் காணவில்லை.

"அடடா, செட்டே போச்சே!" என்றான்.

வாயில் முதலில் வந்தது அதுதான். அவள் தோள்பையைக்கூடக் கழற்றவில்லை; பாயில் கிடந்த குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "குழந்தை எப்ப எழுந்துச்சு?"

"ராட்சசன் கதவை உடைச்சப்ப... இல்ல, அதுக்கு அப்புறம். பதினேழு விழுந்துச்சு, அதுக்கும் அப்புறம்."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "மணி கேட்டேன்."

அன்று மதியம் விழுந்த எண்களையெல்லாம் அவன் வரிசையாக ஒப்பிப்பான். மணி தெரியவில்லை. குழந்தையின் எடை, காலையில் குடித்த பாலின் அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து எல்லாவற்றையும் வீட்டிலேயே இல்லாதவள் சொன்னாள்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்று அழுதான். அப்போது போன். மருந்துக்கடைக்காரர்.

"ஏம்ப்பா, உன் பகடை ஒண்ணு என் சட்டைப்பையில இருக்கு. கைமறதியா போட்டுக்கிட்டு வந்துட்டேன். தேடப்போறியேன்னு சொன்னேன்."

கண்ணைக்கூடத் துடைக்காமல் அவளிடம் ஓடினான். "கிடைச்சிடுச்சு! அவர் பையிலயே இருந்திருக்கு!"

"செட்டு முழுசாயிடுச்சா?" என்றாள் அவள்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி, சமாதானமாகியிருக்கலாம்.

அடுத்த டியூட்டி ஞாயிறு. அவள் குழந்தையின் மாற்றுத்துணி, பால்புட்டி எல்லாவற்றையும் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க?"

"அக்கா வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

"நான்தான் இருக்கேனே!"

"உங்களுக்கு ஆட்டம் இருக்குமே."

"நிறுத்திட்டேன். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

"அப்ப நல்லாத் தூங்குங்க."

கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. பக்கத்துக் கவுண்டருக்குப் போங்க என்று வாடிக்கையாளரிடம் சொல்கிற மாதிரிதான் இருந்தது. பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். குழந்தை மட்டும் அம்மாவின் தோளுக்குமேல் தலையை நீட்டி அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனது. பாவம், அதற்கு இன்னும் விவரம் போதாது.