மேனேஜர் இல்லாத குஞ்சு பொரிப்பகம்

என் சித்தி மகளுக்கு முட்டைக்காரி என்று பெயர் வைத்தது அவளுடைய நாத்தனார். கேலிக்கு வைத்ததுதான், ஆனால் நிலைத்துவிட்டது. புருஷன் போன பிறகு, வீட்டுப் பின்னறையில் மின்சாரப் பெட்டி வைத்துக் கோழிக்குஞ்சு பொரித்து விற்றே இரண்டு பெண்களையும் கரையேற்றினாள்.

அங்கே வேலை பார்த்தது அவளும் ஒரு கூலிக்காரியும்தான். ஆனால் எங்கள் உறவில் யாரைக் கேட்டாலும், "நம்ம கடை" என்பார்கள். மருமகன் ஒருநாள் கூடை தூக்கியிருப்பான். கொழுந்தன் எப்போதோ பல்பு மாட்டியிருப்பான். அவளுடைய அண்ணன், சொந்தக் கடையை மூடிவிட்டவர், காலையிலேயே வந்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மேனேஜர் என்று சொல்லித்தான் தன் மகளுக்குச் சம்பந்தமே பேசினார்.

மின்சாரக் கம்பெனிக்காரர்கள் போனில் எத்தனை பேர் வேலை என்று கேட்டபோது, எடுத்தவர் அவர்தான். உறவையெல்லாம் சேர்த்து, கௌரவமாகப் பன்னிரண்டு என்றார்.

வினை அதில்தான் வந்தது. பத்துப் பேருக்குள் இருந்தால் சிறுதொழில். மின்சார ஒப்பந்தம் முடிந்தாலும் முன்கூட்டிச் சொல்லாமல் கரண்டை நிறுத்தக் கூடாது. அதற்கு மேலே பெரிய கம்பெனி. முடிந்த அன்றே நிறுத்தலாம். ஒப்பந்தம் முடிந்ததே அவளுக்குத் தெரியாது.

லைன்மேன் வந்த காலையில் முட்டைகள் விரிசல் விடத் தொடங்கியிருந்தன. ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுச் சத்தம். சூடு நின்றால் அத்தனையும் உள்ளேயே செத்துப்போகும்.

"பெரிய கம்பெனின்னு இருக்கும்மா. நான் என்ன பண்ண?" என்று மீட்டர் பெட்டியைத் திறந்தான்.

"உள்ள வந்து பாருங்க. ரெண்டு பேரு நின்னா மூணாவது ஆளு மூச்சு விட முடியாது. இதுவா பெரிய கம்பெனி?"

"அப்ப வாசல்ல நிக்கிற கூட்டம்?"

செய்தி கேட்டு உறவெல்லாம் கூடியிருந்தது. அண்ணன் மகளுக்குப் பேசியிருந்த சம்பந்திகூட வந்திருந்தார்.

"எங்க சொந்தக்காரங்க."

லைன்மேன் மனிதன்தான். ஆபீசுக்குப் போன் போட்டு, எல்லோர் காதிலும் விழும்படி வைத்தான்.

கொழுந்தன் முந்திக்கொண்டான். "நான் இந்தப் பக்கமே வர்றதில்லீங்க. வந்தா அண்ணி வேலை வச்சிருவாங்க."

ஒவ்வொருவராக மறுத்தார்கள். போனில் இருந்த பெண் மசியவில்லை. "பன்னெண்டுன்னு மேனேஜர்தான் சொல்லியிருக்காரு. அவரே மாத்திச் சொல்லணும். இல்லன்னா நிறுத்திருங்க."

லைன்மேனின் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. சம்பந்தி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். உள்ளே கீச்சுச் சத்தம் கூடிக்கொண்டே போனது.

"அண்ணே," என்றாள் முட்டைக்காரி. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அவர் எழுந்து போனருகே வந்தார். "நான் மேனேஜர் இல்லம்மா. சம்பளமும் கிடையாது. வீட்ல சும்மா உக்கார முடியாம இங்க வந்து உக்காருவேன். வேலை பாக்கறது ரெண்டே பேரு."

போனில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு, "சிறுதொழில்னு மாத்திடறேன். மீட்டர் பெட்டியை மூடச் சொல்லுங்க," என்றது குரல்.

சம்பந்தி செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கிளம்பினார். அண்ணன் போகிறவர் முதுகைப் பார்த்தபடி நின்றார்.

"அண்ணே, குஞ்சு வெளிய வருது. கூலிக்காரி இன்னிக்கு லீவு. ஒரு கை குடுங்க," என்றாள் அவள் உள்ளிருந்து.

"சம்பளம் உண்டா?"

"குடுத்தா ஆள் கணக்குல வந்துருவீங்க."

அவர் கை கழுவப் போனார்.