ஹெட்டி மாரோவின் ‘ஓம்’ தேடி குருநகர் வரை

இந்த வலைப்பூவைத் தொடர்ந்து வாசிப்பவர்களிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ‘ஹெட்டி இனிப் பாடுவாரா?’ என்ற தலைப்பில் நான் எழுதிய நீண்ட பதிவு முழுக்கத் தப்பு. அது தப்பு என்று தெரியாமலேயே, அதற்கு ஆதாரம் தேடி, போன மாதம் மூன்று நாள் யாழ்ப்பாணம் போய்வந்தேன்.

ஹெட்டி மாரோவைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்துப் பாடகி. முதல் ஆல்பத்தில் ஒரு சின்ன கீபோர்டு மட்டும். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல அடக்கிப் பாடுவார். இரண்டாவதில் நெஞ்சு அதிரும் டிரம், ஆட்டம், ஊரெல்லாம் பெயர். மூன்றாவதில் தன் குரலை இயந்திரத்தில் போட்டுத் திரித்து, ஒரு ஆளைப் பத்து ஆளாக்கினார். அது எனக்குப் பிடிக்கவில்லை, திட்டிக்கொண்டே தினமும் கேட்டேன். பிறகு தொண்டையில் அறுவைச் சிகிச்சை. நான்காவது ஆல்பத்தில் அவர் பாடவே இல்லை. அலைச் சத்தம், தெருச் சத்தம், தாளம், அவ்வளவுதான்.

அதன் கடைசிப் பாட்டில் ஒரு பெண்குரல் நான்கு நிமிடம் ‘ஓம் ஓம்... ஓம் ஓம்...’ என்கிறது. பிறகு பத்து விநாடி அமைதி. கடைசியாகக் கரகரவென்று ஒரே ஒரு ‘ஓம்’. உறையில் ‘யாழ்ப்பாணத்தில் பதிவானது’ என்று ஒரு வரி. இனிப் பாடுவீர்களா என்று யார் கேட்டும் ஹெட்டி பதில் சொல்லவில்லை. நான் சொன்னேன். இரண்டிரண்டாக வரும் ஓம் ஜீவாத்மா, பரமாத்மா. கடைசி ஓம் இரண்டும் கலந்த மோனம். ஹெட்டி பிரணவத்தில் ஒடுங்கிவிட்டார், இனிப் பாடமாட்டார். எழுதி முடித்துவிட்டு அழுதேன். பதினொரு வருடமாகக் கேட்கிற குரல், விளையாட்டா? கோவையில் அம்மா வேறு அந்தப் பாட்டைத் தினமும் பூஜையறையில் போட ஆரம்பித்துவிட்டார். அது எந்தக் கோயிலில் பதிவானது என்று பார்த்தே தீருவது என்று கிளம்பினேன்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு ஒன்றேகால் மணி நேரம். 11.40க்கு வெளியே வந்தேன். நாள் முழுக்கச் சுற்ற ஏழாயிரம் இலங்கை ரூபாய்க்கு ஓட்டோ பேசினேன். ஓட்டியவர் ரமணன் அண்ணை, நீர்வேலிக்காரர். பின்சீட்டில் அவருடைய தோட்டத்து வாழைக்குலை ஒன்று ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

“கோவிக்காதேங்கோ தங்கச்சி, மருதனார்மடச் சந்தையிலை இறக்கிப்போடுவன்” என்றார்.

நானும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. ஆஞ்சநேயர் கோயில்தான் என் பட்டியலில் முதல் இடம். பதினோரு கிலோமீட்டர், அரைமணி நேரம். போய்ச் சேர்ந்தால் நடை சாத்தியிருந்தது. (மதியம் போகாதீர்கள்.) குலையை இறக்கிவிட்டு வந்த ரமணன் அண்ணைக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதலில் பக்தியாகத்தான் கேட்டார். பிறகு சிரிப்பில் தோள் குலுங்கியது.

“உது மந்திரமில்லை, தங்கச்சி. உவ டெலிபோனிலை ஆரோடையோ கதைக்கிறா.”

“ஓம்னு சொல்றாங்களே?”

“ஓம், நாங்கள் அப்பிடித்தானே சொல்லுறது. பின்னாலை மீன் ஏலம் கூறுற சத்தம் கேக்குதோ? குருநகராத்தான் இருக்கும்.”

யாழ்ப்பாணத்தில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஓட்டோவில் ஏறியதிலிருந்து இந்த மனுஷரே என்னிடம் இருபது தடவை சொல்லியிருந்தார். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

குருநகர் அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். மீன் விற்கும் இடத்தில் கேட்டோம். மூன்றாவதாகக் கேட்ட பெண்மணி “வெள்ளைக்காரப் பிள்ளை நிண்ட வீடோ?” என்று கையைக் காட்டினார். தேவாலயத்துக்குப் பின்னால் மாடி வீடு. மாடி அறையை வாடகைக்கு விடும் ஜெசிந்தா அக்கா நண்டு கழுவிய கையோடு கதவைத் திறந்தார். ஹெட்டியின் பெயரைச் சொன்னதும் முதல் கேள்வி, “அவவுக்குத் தொண்டை சுகமோ?”

பாட்டைப் போட்டேன். தன் குரலைக் கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ, உது என்ரை மாமியோடை கதைச்சது. மன்னாரிலை இருந்து எனக்குக் கூழ் காய்ச்சச் சொல்லித் தாறா. புளி கூட விடு எண்டா, ஓம் ஓம். நண்டைப் பிறகு போடு எண்டா, ஓம் ஓம்.”

“அப்படியே செஞ்சீங்களா?”

“எங்கை செய்தனான்? ரெண்டு தரம் ஓம் எண்டால் செய்யமாட்டன் எண்டு அர்த்தம். செய்யிற ஓம் ஒண்டுதான் வரும். இதைப் பாட்டிலை போடலாமோ எண்டு அந்தப் பிள்ளை எழுதிக் கேட்டவ. அதுக்கு ஒரு ஓம்தான் சொன்னனான்.”

ஜீவாத்மாவும் பரமாத்மாவும் மாமியாரை ஏமாற்றிய கதை என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டு அமைதிக்கு வந்தது. கடைசி ஓம் கேட்டதும் அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

“உது நானில்லை. உது அவ.”

அவர் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. ஹெட்டி தங்கியிருந்த இரண்டு வாரமும் வாய் திறக்கவே இல்லையாம், எல்லாவற்றையும் தாளில் எழுதித்தான் காட்டுவாராம், கையில் ஒலிப்பதிவுக் கருவி மட்டும் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்குமாம். “போற அண்டைக்கு எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை கேட்டன், திரும்பப் பாடுவியோ எண்டு. கன நேரம் கடலைப் பாத்துக்கொண்டு நிண்டா. பிறகு தமிழிலை சொன்னா.”

பாட்டின் கடைசிப் பகுதியைத் திரும்பப் போட்டேன். பதினொரு வருட ரசிகை, ஒரே ஒரு சொல்லில் அந்தக் குரலை அடையாளம் தெரியாமல் விட்டிருக்கிறேன். காய்ந்த தொண்டை, கொஞ்சம் பயம், ஆனாலும் அதே ஹெட்டி. ஒரு தடவைதான் சொல்கிறார். தெருவில் நின்று கூத்தாடலாம்போல இருந்தது. ரமணன் அண்ணை முன்னால் கொஞ்சம் ஆடியும் விட்டேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். குருநகரில் மீன் ஏலம் பார்க்கக் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். அக்கா வீட்டு அறை இரவுக்கு 4,500 ரூபாய், கூழும் சேர்த்து. மாமி சொன்னது சரி, புளி போதாது. திரும்பும் நாளில் எட்டு மணிக்கு வந்துவிடுவீர்களா என்று ரமணன் அண்ணையைக் கேட்டேன். “ஓம் ஓம்” என்றார். அவர் ஒற்றை ஓம் சொல்லும்வரை நான் ஓட்டோவை விட்டு இறங்கவில்லை. எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே வந்து நின்றார்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நல்ல சேதிதானே, ஓடட்டும்” என்று பூஜையறையில் இன்னும் அதே பாட்டைத்தான் போடுகிறார். நானும் பழைய பதிவை அழிக்கவில்லை. ‘ஹெட்டி இனிப் பாடுவாரா?’ என்ற தலைப்பு அப்படியே இருக்கிறது. அதன்கீழ் நான் அழுது அழுது எழுதிய அத்தனையையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். ஒரு தடவைதான்.