கண்ணாடிக்கு அடியில் ஒரு குமிழ்

தண்ணீரையும் கரண்டையும் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் வைப்பதுதான் அவள் ஆராய்ச்சி. "மாமியாரையும் மருமகளையும் ஒரே அடுப்படியில விடற மாதிரி" என்று சொல்லிச் சிரித்தது வேறு யாருமில்லை, அவள் மாமியாரேதான். மின்சார பஸ்ஸில் பேட்டரி கரண்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டர் அது. உள்ளே நகமளவு சிப்புகள் கரண்டை விடாமல் வெட்டி வெட்டி விட்டே சூடேறிப்போகும். அவற்றின் மேல் தீக்குச்சி கனமுள்ள வாய்க்கால்களில் தண்ணீர் ஓடி அந்தச் சூட்டை வாங்கிப்போக வேண்டும். வீட்டில் குழாயைத் திறந்தாலும் விழுகிற நீரையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "அம்மா, வாளி வழியுது" என்று மகள்தான் வந்து மூடுவாள்.

அன்று காலை சோதனை. பார்வையிட வரும் நிபுணர் குழுவின் முன்னால் சிப்புகள் முழுச் சுமையைத் தாங்கினால் அவள் வேலை நீடிக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு சரி.

ஆய்வுக்கூடத்தில் பெட்டி எப்போதும் செங்குத்தாகத்தான் நிற்கும். வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டுமே என்று, வாய்க்கால் தெரிகிற கண்ணாடிப் பக்கம் மேலே இருக்கும்படி அவளேதான் அதை மேஜையில் படுக்கவைத்தாள்.

பாதி நேரம் போயிருக்கும். திரையில் சிப்புகளின் சூட்டைக் காட்டும் கோடுகளில் மூன்று சமர்த்தாகப் படுத்திருக்க, நாலாவது மட்டும் தலை தூக்கியது. குனிந்து பார்த்தாள். நாலாவது சிப்புக்கு நேர்மேலே, வாய்க்காலை அடைத்துக்கொண்டு கடுகளவு காற்றுக் குமிழ். நிற்கிற பெட்டியில் தானாக மேலேறிப் போய்விடும். படுத்த பெட்டியில் போக வழியில்லை.

பக்கத்து மேஜைக்காரர் காதோரம் முணுமுணுத்தார். "கண்டுக்காதீங்க மேடம். முடியப் போகுது, அதுவரைக்கும் தாங்கிடும்."

தாங்கும்தான். அதுதான் அவளை அரித்தது. கோடு இன்னும் ஏறியது. குழுத் தலைவர் வேறு, திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் ஓட்டும் பம்ப்பின் இரைச்சல் அடங்கியது.

"ஏம்மா, நல்லாத்தானே ஓடிட்டிருந்தது?" என்றார் தலைவர்.

"இல்ல சார். இங்க பாருங்க." குமிழைக் காட்டினாள். "பெட்டியைப் படுக்க வச்சது என் தப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "அப்போ பஸ் மேடு ஏறி, பெட்டி சாஞ்சா?"

"அதேதான் சார் எனக்கும் இப்போ பயம். நிக்க வச்சே பார்த்துப் பழகிட்டேன், சாய்ச்சுப் பார்க்கணும்னு தோணவே இல்ல."

"நாங்க கண்டுபிடிக்க வேண்டியதை நீங்களே சொல்லிட்டா, எங்களுக்கு எதுக்கு டீயும் பிஸ்கட்டும்?" சிரித்தார். ஆனால் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. "பேசிட்டுச் சொல்றோம்."

அவர்கள் போனதும் கணவன் போனில் வந்தான்.

"என்ன ஆச்சு?"

"பாதியிலயே நான் அணைச்சுட்டேன்."

"அப்போ வேலை?"

"தெரியல."

"சரி விடு. அம்மா கேட்டா என்ன சொல்றது?"

"மருமக தண்ணி விடலை, மாமியார் கொதிச்சுட்டாங்கன்னு சொல்லுங்க."

போனை வைத்தாள். ஒரு தடிமனான புத்தகத்தை எடுத்துப் பெட்டியின் ஒரு முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்துச் சாய்த்துவிட்டு, பம்ப்பை மறுபடி போட்டாள்.