குடைத் துணியில் நான் அடைத்த ஓட்டை

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்று இன்னமும் எனக்குத் தடுமாற்றம்தான். சந்தேகம் வந்த சொற்களைப் பழைய செய்தித்தாளில் தேடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கிடைக்காத சொற்களுக்கு நான் பொறுப்பில்லை.

இது வாத்தியாருடைய நோட்டு. பலூன் விட்ட மூன்று பேரும் அன்றைக்கு நடந்ததை நடந்தபடி இதில் எழுத வேண்டும் என்று அவர் சொன்னார். அவர் ஆறு பக்கம் எழுதிவிட்டார். இரண்டாவது ஆள் எழுதியது ஒரே ஒரு வரி. மூன்றாவது ஆள் நான். நோட்டு என்னிடம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது.

செஞ்சிக் கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிறேன். பை ஜிப்பும் மாற்றுவேன். எனக்கென்று கடை கிடையாது. ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் படி ஓரம்தான் என் இடம். அந்தக் கடைக்காரர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு மழையில் என் தையல் மெஷினை நனைய விடாமல் தானே தூக்கி உள்ளே வைத்தார். அன்றிலிருந்து மெஷின் ராத்திரி அவர் கடைக்குள்தான் இருக்கிறது. நான் கேட்கவும் இல்லை, அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்காட்டவும் இல்லை. எனக்குச் சட்டென்று பேச்சு வராது. வாடிக்கையாளர் "எவ்ளோ நாளாவும்?" என்று கேட்டால் விரலைக் காட்டுவேன். அதனால் என் பங்குப் பேச்சையும் அவரே பேசிவிடுவார்.

அவர் ஈயம் வைத்து ஒயர் ஒட்டுவதை ஆறு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வைப்பார். ஒட்டியதும் ஊசி முனையால் ஒயரை இழுத்துப் பார்ப்பார். வந்தால் மறுபடியும் ஒட்டுவார். "அந்தக் கையி ஒட்டுனா சுடுகாடு வரிக்கும் வரும்" என்று எதிர்வரிசை மளிகைக் கடைக்காரர் சொல்லுவார். மேல்சித்தாமூரிலிருந்து கூட போனை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

வாத்தியார் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவர். வானத்தில் எவ்வளவு உயரத்தில் எவ்வளவு குளிர் என்று அளக்கிற பலூன் ஒன்றைத் தன் கையால் விட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்கு அனுமதி வாங்கவே ஒரு வருடம் அலைந்தார். கடிதம் வந்த அன்று நேராக எங்கள் படிக்கு வந்தார்.

"தெர்மாகோல் பொட்டி, சின்ன கேமரா, குளிர் அளக்கிற கருவி, எங்க உழுந்துச்சின்னு மெசேஜ் அனுப்புற கருவி, எல்லாத்துக்கும் ஒரே பேட்டரி. இத எல்லாம் நீ பாத்துக்க" என்று கடைக்காரரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பலூன் மேல போய் வெடிச்சிடும்பா. பொட்டி மெதுவா எறங்கணும். பாராசூட் உன் வேல."

தலையை ஆட்டினேன்.

வண்டிக்கடை ஒன்றில் கம்பி ஒடிந்து கிடந்த பெரிய குடையின் துணியை வாத்தியாரே வாங்கிவந்து கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமான நைலான், எங்கே விழுந்தாலும் கண்ணில் படும். ஓரத்தில் மடித்துத் தைத்து, எட்டு இடத்தில் கயிறு கோர்க்க வேண்டும். அவர் சொன்னது அவ்வளவுதான்.

அந்தத் துணியின் உச்சியில் கம்பு நுழைகிற ஓட்டை உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. இப்போது கம்பு இல்லை. வெறும் ஓட்டை. என் கையிலிருந்து ஓட்டையோடு ஒரு குடை வெளியே போனதில்லை. அதே துணியில் வட்டமாக ஒரு ஒட்டு வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து, இரண்டு சுற்றுத் தையல் போட்டேன். சிவப்பு மேல் சிவப்பு, மஞ்சள் மேல் மஞ்சள். தடவிப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. நல்ல வேலையைச் சொல்லிக்கொண்டு திரிவது எனக்குப் பழக்கமில்லை. மடித்துக் கொடுத்தேன்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோட்டைக்குப் போகிற வழியில், அறுப்பு முடிந்த ஒரு வயலில் பலூன் விட்டோம். கேஸ் உருளையிலிருந்து காற்று ஏற ஏற, வெள்ளைப் பலூன் படுத்துக் கிடந்த மாடு எழுந்திருப்பதுபோல எழுந்தது. அதற்குக் கீழே பாராசூட் துணி தளர்ந்து தொங்கியது. அதற்கும் கீழே பெட்டி. பெட்டியின்மேல் கடைக்காரர் பெரிதாக எழுதியிருந்தார்: "இது வெடிகுண்டு இல்லை. பயப்பட வேண்டாம். கீழே உள்ள எண்ணுக்குப் போன் செய்யவும்." பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.

கூட்டம் கூடிவிட்டது.

"சார், மேல போவ சொல்லோ எங்க மாமியாரையும் கட்டி உடுங்களேன்!"

"பொட்டி தாங்காதுடா!"

டீக்கடைக்காரர் ஒருவர் கண்ணுக்குமேல் கையை வைத்து, தொங்கிய துணியைப் பார்த்தார். "இன்னா சார் இது, வண்டிக்கடக் குடையாட்டம் இருக்குது. உச்சில ஓட்ட இருக்குமே, காத்து பூடாது?"

வாத்தியாருக்கு யாராவது கேள்வி கேட்டால் சந்தோஷம். "அந்த ஓட்டதாங்க இதுல முக்கியம். அதுக்குதான் தேடிப்புடிச்சி கடக் குடையா வாங்குனேன். உள்ள அடைபட்ட காத்து உச்சி வழியா போவணும். போவ வழி இல்லன்னா ஓரம் ஓரமா தப்பிக்கும். பொட்டி பேய் புடிச்ச மாதிரி ஆடும். உள்ள இருக்கிற ஒயரெல்லாம் புடுங்கிக்கும்."

எனக்கு உள்ளங்கை வேர்த்தது. பெட்டி வழுக்கியது. ஒரே ஒரு சொல் போதும், "சார்" என்று. நான்கடி தூரத்தில்தான் நின்றார். ஆனால் சுற்றிலும் ஐம்பது பேர். எல்லாருடைய பார்வையும் என் கைகள் மேல் இருந்தது. "இன்னாப்பா, ஓட்டைய நீயே அடச்சிட்டியா?" என்று அந்த ஐம்பது பேரும் சிரிப்பது காதில் கேட்பதுபோல இருந்தது. கத்தரிக்கோல் இருந்தால் ஒரு நிமிட வேலை. அது கடைத்தெருவில், மெஷின் டிராயரில் கிடந்தது.

"பத்து, ஒம்போது" என்று கூட்டம் எண்ண ஆரம்பித்தது. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

"அண்ணே, கைய உடுங்க! அண்ணே!" என்று கடைக்காரர் சிரித்துக்கொண்டே கத்தினார்.

விட்டுவிட்டேன். அதைப் பிடித்திருந்த கடைசிக் கை என்னுடையது.

கோட்டையின் ராஜகிரி மலை உயரத்தைத் தாண்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி, பிறகு அதுவும் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். நானே கையிலிருந்து விட்ட ஒன்று மேலே போய்க்கொண்டே இருந்தது. இனி கூப்பிட்டாலும் திரும்பாது, ஓடினாலும் எட்டாது. யாராவது ஒருவர் தலையில் விழுந்தால் என்ன செய்வது என்பது ஒன்றே மனதில் ஓடியது. வாய்க்குள் குலசாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

உயரே போனால் டவர் கிடைக்காது, இறங்கும்போது மறுபடி மெசேஜ் வரும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கடைக்காரர் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரம். மதியச் சாப்பாட்டு நேரமும் போனது. மெசேஜ் வரவில்லை.

"நாம்ப ஒட்டுனது உடாது சார்" என்று முதலில் சொன்னார். பிறகு, "உடக் கூடாது சார்" என்றார்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. தொண்டூர்ப் பக்கம் ஒரு அம்மாவின் கடலைக் கொல்லையில் பெட்டி விழுந்திருக்கிறது. அவருக்குப் படிக்கத் தெரியாது. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் பெட்டியில் இருந்ததைப் படித்துச் சொன்ன பிறகுதான் போன் செய்தாராம். யார்மேலும் விழவில்லை என்று கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று பேரும் போனோம். பெட்டி வரப்பில் ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. பாராசூட்டைத்தான் காணவில்லை. "தோ அங்க நிக்கிதே" என்று அந்த அம்மா கை காட்டினார். கொல்லை நடுவில் காட்டுப்பன்றிக்கு ஒரு பொம்மை. அதற்கு என் துணியைப் போர்த்தியிருந்தார்கள். ஒரு மூங்கில் கழி துணியின் உச்சியைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே நீட்டியிருந்தது. நுனியில் ஒரு சட்டி. "நல்ல கலரு, பன்னி கிட்ட வர்ல" என்று அந்த அம்மா சந்தோஷமாகச் சொன்னார்.

வாத்தியாரும் கடைக்காரரும் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னிடம் வந்தார். பெட்டி விழுந்த அன்றைக்குக் கொல்லையில் இருந்தாராம்.

"நெட்டுக்கு எறங்கலங்க அது. ஊஞ்சல்ல புள்ளைய வேகமா ஆட்டுவாங்களே, அப்பிடி இங்க ஒரு வீச்சு, அங்க ஒரு வீச்சு. பாத்த எனக்கே தல சுத்திடுச்சி."

நான் தலையை ஆட்டினேன். நான் செய்ததெல்லாம் அதுதான்.

பெட்டிக்குள் பேட்டரி ஒயர் விட்டுப்போயிருந்தது. கேமரா அதுவரை எடுத்த படங்களை வாத்தியார் தன் போனில் போட்டுக் காட்டினார். கோட்டையின் மூன்று மலைகளும் மூன்று புளியங்கொட்டை அளவுக்கு. பிறகு கருநீலமாக வானத்தின் ஓரம். கடைசிப் படத்தில் அந்த ஓரம் சாய்ந்து கிடந்தது. அதற்குமேல் படம் இல்லை.

"பாராசூட்டுல தப்பு இருக்குமோன்னு பாத்தேன்" என்று வாத்தியார் பொம்மையைக் காட்டினார். "ஓட்டை இருக்கு பார். கழி கொஞ்சம் பெருசாக்கிடுச்சி, அவ்ளோதான். இது சால்டரிங்தான்பா. ஈயம் குளிர்ல உட்டுடுச்சி. பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம்."

திட்டாமல்தான் சொன்னார். கடைக்காரர் அந்த ஒயர் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆமா சார், எம்மேலதான் தப்பு" என்றார்.

துணியைப் பார்க்கும் சாக்கில் பொம்மையிடம் போனேன். கழியைச் சுற்றி என் இரண்டு சுற்றுத் தையல் அறுந்து தொங்கியது. அடைத்த ஒட்டு ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பல்லால் கடித்து எடுத்து டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். கை தானாகச் செய்தது என்று சொன்னால் அது பொய். துணியை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டோம்.

கடைத்தெருவுக்கு ஒரு செய்தி வர எவ்வளவு நேரம் ஆகும்?

"இன்னா தம்பி, வானத்துல போன ஒயரு உட்டுடுச்சாமே. எம் போனு தரையிலதான் இருக்கும், தெகிரியமா குடுக்கலாமா?"

"குளிரு காலத்துல இவராண்ட குடுக்காதீங்கப்பா!"

முதலில் கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். மளிகைக் கடைக்காரர் தன் போனை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு கடைக்கு எடுத்துப்போன அன்று இவர் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் ஈயம் வைத்தால் ஊசியால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இழுக்கிறார், மறுபடி இழுக்கிறார். வரவே வராத ஒயரையும் பிடுங்கிவிட்டு மறுபடி ஒட்டுகிறார். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து குடைக்கு நூல் கோர்க்கிறேன். தினமும் காலையில் என் மெஷினை அவர்தான் வெளியே தூக்கி வைக்கிறார். "அண்ணே, டீ சொல்லட்டா?" என்கிறார்.

வாத்தியார் அடுத்த பலூனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். "சால்டரிங்குக்கு வேற ஆள பாருங்க சார்" என்று இவர் சொல்லிவிட்டார். இந்த நோட்டில் அவர் எழுதிய வரி இது: "ஒயரை நான் சரியாக ஒட்டவில்லை."

இந்த இரண்டு மாதமும் எத்தனை நாள் அவர் பக்கம் திரும்பினேன் என்று எனக்குத்தான் தெரியும். "இன்னாண்ணே?" என்பார். "ஒண்ணுமில்ல" என்று ஊசியைத் தேடுவேன். பேசத் தெரியாதவனுக்கு எழுதுவது சுலபம் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு எழுத எட்டு நாள் ஆனது. படித்தபின் அவர் என்ன சொல்லுவார் என்று தெரியவில்லை. நாளைக்கு மெஷினைத் தூக்கி வெளியே வைப்பாரா என்றும் தெரியவில்லை. கடைத்தெருவில் சிரித்தவர்கள் யாரும் இந்த நோட்டைப் படிக்கப் போவதில்லை. அதற்கு என்ன செய்வது என்று எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒயரை அவர் சரியாகத்தான் ஒட்டினார். பாராசூட்டின் ஓட்டையை அடைத்தது நான். பெட்டி ஆடியதற்கும் ஒயர் பிடுங்கிக்கொண்டதற்கும் அதுதான் காரணம். நான் சொன்னால் நம்பாமல் போகலாம் என்பதால், அந்த ஒட்டுத் துணியை இந்தப் பக்கத்தின் அடியிலேயே வைத்துத் தைத்திருக்கிறேன். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். ஓரத்தில் இரண்டு சுற்றுத் தையல் ஓட்டைகளும் தெரியும். அது யார் தையல் என்று அவருக்குத் தெரியும்.

ஆனி மாதம் 11, புதன்கிழமை, காலை, கடை திறப்பதற்கு முன்.